‘அல் பலூஷி’கள் எல்லாரும் ஒரே குடும்பமா?

குழு: பெரிய வீட்டுப் பிள்ளைகள்

கயல் (மஸ்கட்), காலை 7:40
எல்லாருக்கும் வணக்கம். இந்தக் குழுவில் அரைகுறைச் சொற்களில் எழுதக் கூடாது என்பது பெரியப்பாவின் சட்டம் என்பதால் முழு வாக்கியமாகவே கேட்கிறேன். நாங்கள் மஸ்கட்டின் மத்ராப் பகுதியில் புதிதாகக் குடிவந்திருக்கும் கட்டடத்தில் மூன்று வீடுகளின் கதவில் ‘அல் பலூஷி’ என்று எழுதியிருக்கிறது. மூவரும் ஒரே குடும்பமா என்று பாப்பா கேட்டாள். விசாரித்தால், ஒருவருக்கொருவர் உறவே இல்லை என்கிறார்கள். பெரியப்பா, முப்பது ஆண்டுகள் இங்கே இருந்தவர் நீங்கள், விளக்குங்கள்.

பெரியப்பா, காலை 8:05
அது குடும்பப் பெயர் அன்று, கயல். பலூச் என்பது இன்றைய பாகிஸ்தானிலும் ஈரானிலும் பரந்திருக்கும் பலூச்சிஸ்தானைச் சேர்ந்த ஓர் இனம். அரபியில் ‘ச்’ ஒலிக்கு எழுத்து இல்லாததால் பலூச் என்பது பலூஷ் ஆயிற்று. நம் ஊரில் ஒருவரை ‘நெல்லைக்காரர்’ என்று அழைப்பது போல, பலூச் இனத்தவர் என்பதற்கு அடையாளமே ‘அல் பலூஷி’. அதற்குள் ரிந்த், ஹோத் என்று பல குலங்கள் உண்டு. சிலர் குலப் பெயரையே வைத்துக்கொண்டு ‘அல் ரைசி’ என்று எழுதுவார்கள். ‘அல் ஸத்ஜாலி’ என்பவர்களும் மக்ரான் கரையிலிருந்து, அதாவது ஓமானுக்கு எதிரே உள்ள பலூச்சிஸ்தான் கடற்கரையிலிருந்து வந்தவர்களே, ஆனால் அவர்களுடைய வீட்டு மொழி வேறு.

சுந்தரி அத்தை, காலை 8:11
மத்ராக் கடற்கரையில் மதில் சூழ்ந்த ஒரு குடியிருப்பை அண்ணன் எனக்குக் காட்டினாரே, அவர்கள்தாமே இவர்கள்?

பெரியப்பா, காலை 8:14
இல்லை சுந்தரி. அது லவாத்தியாக்களின் குடியிருப்பு. அவர்கள் சிந்துப் பக்கத்திலிருந்து வந்த வணிகர்கள். பலூச்சுகள் பெரும்பாலும் தராசோடு வந்தவர்கள் அல்லர், துப்பாக்கியோடு வந்தவர்கள். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதில் விளங்கும்.

முகிலன், காலை 8:30
அப்படியானால் அவர்களும் நம்மைப் போலப் பிழைக்க வந்த வந்தேறிகள்தாமே, பெரியப்பா?

பெரியப்பா, காலை 9:02
அந்தச் சொல்லை எழுதுவதற்கு முன்னால் நிலப்படத்தை ஒருமுறை பார்த்திருக்கலாம், முகிலா. மஸ்கட்டுக்கும் எதிர்க்கரையில் உள்ள குவாதருக்கும் இடையே சுமார் 400 கிலோமீட்டர் கடல்தான் இருக்கிறது. சென்னைக்கும் மதுரைக்கும் நேர்கோட்டில் உள்ள தொலைவு அவ்வளவே. அந்தக் கடலை அவர்கள் எல்லையாக நினைத்ததில்லை, வழியாகவே நினைத்தார்கள். 1730களில் உள்நாட்டுப் போரில் சிக்கிய, அன்று ஓமானை ஆண்ட யஅரூபி மரபின் இமாம் இரண்டாம் சைஃப் பின் சுல்தான் மக்ரானிலிருந்து பலூச் படைவீரர்களை வரவழைத்தார். அவருக்குப் பின் வந்து இன்றுவரை ஆளும் அல் பூ சயீத் மரபினரும் அவ்வழக்கத்தை விடவில்லை. உள்நாட்டுக் குலங்களுக்கிடையே பகை மூண்டால் எந்தப் பக்கமும் சாயாத காவலர்கள் வேண்டும் என்பதே அதற்குக் காரணம். ஓமானின் உட்பகுதியான தாஹிராவில் அப்படிப் பல தலைமுறைகளுக்கு முன்னரே குடியேறிய பலூச்சுகள் இன்று அரபி மட்டுமே பேசுகிறார்கள். மத்ராவிலும் பாத்தினாக் கரையிலும் உள்ளவர்கள் வீட்டில் இன்னமும் பலூச்சி பேசுகிறார்கள்.

முகிலன், காலை 9:20
சொல்லைத் திரும்பப் பெறுகிறேன், பெரியப்பா. குவாதர் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது இன்றைய பாகிஸ்தான் துறைமுகம்தான். அது ஓமானுக்குச் சொந்தமாக இருந்தது என்று வகுப்பில் ஒருமுறை சொன்னார்கள்.

பெரியப்பா, காலை 9:48
இருந்தது, ஏறத்தாழ 175 ஆண்டுகள். 1780களில் மஸ்கட் அரச குடும்பத்தில் பூசல் ஏற்பட்டு, சுல்தான் பின் அஹ்மது என்ற இளவரசர் எதிர்க்கரைக்கு ஓடினார். பலூச்சிஸ்தானில் இருந்த கலாத் அரசின் கான், அதாவது அரசர், முதலாம் நசீர் கான் அவருக்கு அடைக்கலம் கொடுத்து, குவாதரையும் ஒப்படைத்தார். அது நிரந்தரக் கொடையா, அல்லது பிழைப்புக்காக வருவாயை மட்டும் விட்டுக்கொடுத்த ஏற்பாடா என்பதில் கலாத் தரப்பும் மஸ்கட் தரப்பும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. இளவரசர் 1792-இல் ஊர் திரும்பி ஆட்சியைப் பிடித்தார், ஆனால் குவாதரைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஆகவே அங்கே சுல்தானின் ஆளுநர் இருந்தார், சுல்தானுக்கே சுங்கம் போயிற்று. 1958 செப்டம்பரில் பாகிஸ்தான் 30 லட்சம் பவுண்டு கொடுத்து ஊரை வாங்கி, டிசம்பர் 8-ஆம் நாள் கைக்கொண்டது. முந்தைய நாள் வரை ஒரே அரசரின் குடிகளாய் இருந்த அண்ணனும் தம்பியும், அண்ணன் மஸ்கட்டிலும் தம்பி குவாதரிலும் இருந்த ஒரே காரணத்தால், மறுநாள் இரண்டு நாட்டவர் ஆனார்கள். இதில் யார் எங்கே ‘வந்தேறினார்’ என்று நீயே சொல்.

கப்பல் மாமா, காலை 10:25
இடையில் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். பலூச்சுகளை நான் கென்யாவின் மொம்பாசாவில் பார்த்திருக்கிறேன். கப்பல் மூன்று நாள் துறைமுகத்தில் நின்றபோது ‘ஃபோர்ட் ஜீசஸ்’ கோட்டையைப் பார்க்கப் போனேன். போர்த்துகீசியர் கட்டிய அந்தக் கோட்டையை, 1696 முதல் 1698 வரை முற்றுகையிட்டு ஓமானியர் பிடித்தார்கள். பிற்காலத்தில் அதைக் காத்த படையில் பலூச் வீரர்கள் இருந்தார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் மக்காதரா என்ற பகுதியில் இன்றும் வாழ்கிறார்கள். அங்கே அவர்களுக்கென்று ஒரு பள்ளிவாசலும் உண்டு. அதன் வாசலில் நிழலுக்கு ஒதுங்கிய என்னிடம் ஒரு முதியவர் சுவாஹிலியில் பேசினார். நான் விழித்ததைக் கண்டு இந்துஸ்தானிக்கு மாறி, தம் பாட்டனார் பலூச் சிப்பாய் என்று பெருமையோடு சொன்னார், ஆனால் பலூச்சியில் தமக்கு நாலு சொல்கூடத் தெரியாது என்று சிரித்தார்.

முகிலன், காலை 10:50
மாமா சொல்வது சரியாகப் பொருந்துகிறது. ஓமானின் சுல்தான் சயீது 1840 வாக்கில் தம் இருப்பிடத்தையே கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரத் தீவான சான்சிபாருக்கு மாற்றியபோது பலூச் படைவீரர்களும் உடன் சென்றார்கள். 1857-இல் ஆங்கிலேயப் பயணிகளான பர்ட்டனும் ஸ்பீக்கும் நைல் நதியின் தோற்றுவாயைத் தேடி உள்நாட்டுக்குப் புறப்பட்டபோது துணைக்கு அனுப்பப்பட்ட காவலர்களும் பலூச்சுகளே. பர்ட்டன் தம் பயண நூலில் அவர்களைச் சோம்பேறிகள், சண்டைக்காரர்கள் என்று பக்கம் பக்கமாகத் திட்டுகிறார். அவர்கள் ஒரு நூல் எழுதியிருந்தால் அவரைப் பற்றி என்ன எழுதியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது.

சுந்தரி அத்தை, பகல் 12:10
பலூச்சிஸ்தானில் திராவிட மொழி பேசுகிறார்கள் என்று எங்கோ படித்தேன். அப்படியானால் கயலின் பக்கத்து வீட்டார் நமக்குத் தூரத்துச் சொந்தம் என்றல்லவா ஆகிறது?

பெரியப்பா, பகல் 12:40
அவசரப்படாதே. நீ படித்தது பிராகுயி மொழியைப் பற்றி. அது திராவிட மொழிதான். இரண்டு, மூன்று என்பதை ‘இரத்’, ‘முசித்’ என்பார்கள். குவாதரைக் கொடுத்த நசீர் கானின் குடும்பமே பிராகுயிக் குடும்பம். ஆனால் மக்ரான் கரையிலிருந்து ஓமானுக்கு வந்தவர்கள் பேசுவது பலூச்சி, அது பாரசீகத்துக்கும் குர்து மொழிக்கும் உறவு. சொந்தம் கொண்டாடி நாளைக்கே கயல் வீட்டு வாசலில் சீர்வரிசையோடு நிற்காதே.

கயல் (மஸ்கட்), பகல் 1:15
நீங்கள் வேலை பார்த்த காலத்தில் உங்களோடு பலூச்சுகள் யாரும் இருந்தார்களா, பெரியப்பா?

பெரியப்பா, பகல் 2:05
எங்கள் கிடங்கின் காவலர் ஒருவர் முன்னாள் படைவீரர். தெற்கு ஓமானில் கிளர்ச்சியாளர்களோடு நடந்த தோஃபார் போரில் முழங்காலில் பட்ட காயத்தால் நொண்டி நடப்பார். 1975-இல் முடிந்த அந்தப் போரில் சுல்தானின் படையில் பலூச்சுகள் பெருமளவில் இருந்தார்கள். 1921-இல் மஸ்கட்டில் முதல் முறைப்படையைத் திரட்டியபோதும், ஈரானின் கிழக்கு எல்லைப் பகுதியான சீஸ்தானில் கலைக்கப்பட்ட படையின் பலூச் வீரர்களைக் கொண்டே தொடங்கினார்கள். குவாதரை விற்ற பிறகும் அங்கே ஆள் எடுக்கும் வழக்கம் தொடர்ந்தது, ஏனென்றால் வறண்ட கரையில் மீன் பிடிப்பதை விட்டால் வேறு வருவாய் இல்லை. எல்லாரும் இதை விரும்பினார்கள் என்று நினைக்காதீர்கள். அடுத்தவர் போரில் பலூச் இளைஞர்கள் ஏன் சாக வேண்டும் என்று மாணவர்கள் எதிர்த்தார்கள். ஆள் எடுக்க வந்த ஓமான் அதிகாரியைச் சுட முயன்றதாக ஹமீது பலூச் என்ற மாணவர் 1981-இல் பாகிஸ்தானின் மச்ச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். எங்கள் காவலரிடம் அதைப் பற்றிக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, தேநீரை மட்டும் என் பக்கம் நகர்த்தினார்.

நான் வேலை பார்த்த நிறுவனம் என் கடவுச்சீட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொள்ளும், ஊருக்கு வருவதற்குள் மூன்று முறை கெஞ்ச வேண்டும். அவருக்கு அந்தத் தொல்லை இல்லை, அவர் ஓமானியர். இருந்தும் கராச்சியின் லியாரியில் இருந்த தம் அக்காவைப் பார்க்க அவரும் என்னைப் போலவே விடுப்புக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்தார்.

கயல் (மஸ்கட்), இரவு 8:30
மாலையில் எதிர்வீட்டுப் பாட்டியைப் பார்த்துவிட்டு வந்தேன். பலூச் உடையில்தான் இருந்தார். மார்பிலும் கைமுனையிலும் சிவப்பும் பச்சையுமாய் நெருக்கமான நூல்வேலை. முன்பக்கம் இடுப்பிலிருந்து கீழ்விளிம்பு வரை அம்புமுனை போல் நீண்ட ஒரு பை, அதன் மேலும் அதே வேலை. பெண்கள் பணம், சாவி எல்லாவற்றையும் அதில்தான் வைப்பார்களாம். “எந்த ஊரில் பிறந்தீர்கள், அம்மா?” என்று கேட்டேன். “குவாதரில்” என்றார். “அப்படியானால் பாகிஸ்தானா?” என்று பாப்பா முந்திக்கொண்டு கேட்டுவிட்டாள். பாட்டி அவளை அருகில் இழுத்து, “நான் பிறந்தபோது அது சுல்தானுடைய ஊர், கண்ணே. நான் ஓமானில் பிறந்து ஓமானுக்கு வந்தவள்” என்றார். அவருடைய மருமகள்தான் எங்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னார்.

பெரியப்பா, இரவு 8:41
முகிலா, படித்தாயா?

முகிலன், இரவு 8:43
படித்தேன், பெரியப்பா. இரண்டு முறை.

சுந்தரி அத்தை, இரவு 8:50
அது இருக்கட்டும். அந்தப் பையில் உண்மையில் என்ன வைத்திருந்தார் என்று கேட்டாயா, இல்லையா?

கயல் (மஸ்கட்), இரவு 8:52
கேட்கவே வேண்டியிருக்கவில்லை, அத்தை. பாப்பாவுக்கு எடுத்துக் கொடுத்தார்: ஒரு பிடி பேரீச்சம்பழம், தாளில் மடித்து.