அக்டோபர் நடுவில் இரண்டு இரவு: பூன் ஊரா, பிளாக்ஸ்பர்க்கா?

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்து ராலேயில் இருந்து காரில் கிளம்புகிறோம். போக நினைப்பது அதே மாநிலத்துப் பூன் அல்லது வர்ஜீனியாவின் பிளாக்ஸ்பர்க், இரண்டும் மலை ஊர்கள். ஊரில் இருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு இலை நிறம் மாறுவதைக் காட்டியே ஆக வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி. சமதரையில் மெதுவாக நடப்பார், படி என்றால் கைப்பிடி வேண்டும்.

பூன் 3,333 அடி உயரம், நிறம் சீக்கிரம் வரும். பக்கத்து கிராண்ட்ஃபாதர் மலையில் தொங்கு பாலத்துக்குப் பக்கம் வரை கார் போகும், லிஃப்டும் உண்டு. எனக்கு மனசு அங்கேதான். ஆனால் 2024 ஹெலீன் புயலில் ப்ளூ ரிட்ஜ் பார்க்வே என்ற மலைச்சாலை பலமாக அடிபட்டது. பிளாக்ஸ்பர்க்கில் ஹக்கிள்பெர்ரி பாதை தார் போட்டது. கேஸ்கேட்ஸ் அருவிக்கோ போய்வர நாலு மைல், பாறைப் படிகள்.

இரண்டு ஊர்ப் பல்கலைக்கழகத்திலும் ஃபுட்பால் ஆட்டம் இல்லாத வாரமாகத் தேடினேன். அப்படியும் பூனில் அறை வாடகை எகிறுகிறது. பார்க்வே மூடல் வரைபடமும் பார்த்தாச்சு, இறங்கி நின்று பார்க்கும் இடங்கள் அதில் பிடிபடவில்லை.

முழங்கால் வலியுள்ள பெரியவரோடு போக எந்த ஊர் சரி?