ஃபர்னஸ் நின்றுபோன இரவு: உங்கட வீட்டில என்ன நடந்தது?

எஜாக்ஸ் அம்மா:

கனடாவில் எங்களுக்கு இது சொந்த வீட்டில் இரண்டாவது விண்டர். போன தை மாதம், வெளியில் மைனஸ் 22. விடியப்புறம் மூன்று மணிக்கு மகள் வந்து, "அம்மா, மூக்குக் குளிருது" என்றாள். தெர்மோஸ்டாட்டைப் பார்த்தால் 14. இவர் நைட் ஷிஃப்ட். நானும் இரண்டு பிள்ளைகளும்தான்.

பேஸ்மென்டுக்குப் போய், காஸில் எரிந்து வீட்டைச் சூடாக்குகிற ஃபர்னஸின் சுவிட்சை நிப்பாட்டிப் போட்டேன். சின்ன மோட்டர் ஒன்று "ஊம்ம்" என்று சுத்தும். நெருப்பு வராது. பிறகு அடங்கிப்போகும். திரும்பவும் போட்டேன். சொல்ல வெட்கமாத்தான் இருக்கு, ஏழெட்டுத் தரம் போட்டிருப்பன். கடைசியில் அத்தானுக்கு ஃபோன் எடுத்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "கதவில இருக்கிற சின்னக் கண்ணாடிக்குள்ள லைட் எத்தனை தரம் சிமிட்டுது?" எண்ணினேன், மூன்று. கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த தாளில் மூன்றுக்கு நேரே "பிரஷர் சுவிட்ச்" என்று கிடந்தது. "உள்ளுக்க ஒண்டையும் தொடாதை. ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வெளியில போய்க் குழாயைப் பார்" என்றார்.

பக்கச் சுவரில் இரண்டு வெள்ளை பிவிசி குழாய், ஒன்று காற்று இழுக்க, மற்றது புகை விட. இரண்டையும் காணவில்லை! காற்று அள்ளிக் குவித்த ஸ்னோவுக்குள் புதைந்து கிடந்தன. ஷவல் காரேஜுக்குள், காரேஜ் கதவு உறைந்துபோச்சு. பிள்ளைகள் பீச்சுக்குக் கொண்டுபோகும் பிளாஸ்டிக் வாளியால்தான் தோண்டினேன். குழாய் வாய் தெரிந்த பிறகு போய்ச் சுவிட்சைப் போட, நெருப்புப் பிடித்தது.

---

ஓய்வுபெற்ற காஸ்காரன், ஸ்கார்பரோ:

தங்கச்சி, அத்தானுக்கு ஒரு நல்ல சாப்பாடு குடுங்கோ. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

அந்த மெஷின் என்ன செய்தது தெரியுமோ? தெர்மோஸ்டாட் சூடு கேட்டவுடன் முதலில் சுத்துவது அந்தச் சின்ன மோட்டர். அது புகைப்பாதையில் காற்றை இழுக்கும். பாதை திறந்திருக்கு என்று பிரஷர் சுவிட்ச் சொன்னால்தான் நெருப்பு மூட்டுகிற இக்னைட்டர் செக்கச் செவேலென்று பழுக்கும், அதுக்குப் பிறகுதான் காஸ் வால்வு திறக்கும். நெருப்புப் பிடித்ததை ஃபிளேம் சென்சர் காணவில்லை என்றால் சில விநாடியில் வால்வு மூடிவிடும். உங்கட வீட்டில் குழாய் அடைச்சபடியால் காஸையே திறக்க விடவில்லை. நீங்கள் பழுது என்று நினைத்தது உண்மையில் காவல். திரும்பத் திரும்பச் சுவிட்சைப் போடுவது காவல்காரனோடு மல்லுக்கட்டுகிற வேலை. சில பேர் அந்தப் பிரஷர் சுவிட்சை வயர் போட்டுத் தாண்டிவிட்டு "சரி பண்ணிட்டன்" என்பார்கள். எனக்கு நின்றுபோன ஃபர்னஸில் பயமில்லை. நிற்காமல் எரிகிறதில்தான் பயம்.

ஒரு வீட்டுக்குப் போனேன். பழைய ஃபர்னஸ், புகை தகரக் குழாயால் புகைபோக்கிக்குப் போகிற வகை. "காலமை எழும்பினால் எல்லாருக்கும் தலையிடி, வேலைக்குப் போனால் சுகம்" என்று அந்த ஐயா சாதாரணமாகச் சொன்னார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. மீற்றரைப் போட்டால், ஆளைக் கொல்லுகிற நச்சு வாயு காபன் மொனொக்சைட், 50 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கு காற்றில் 50 பங்கு) மேல். தகரக் குழாய் ஒரு மூட்டில் கழன்று தொங்குது. அந்த வாயுவுக்கு வைக்கிற அலாரம் அடிக்கவில்லையோ என்று கேட்டேன். "கீச் கீச் எண்டு கத்துது, பற்றரியைக் கழட்டிட்டம்."

பற்றரி இருந்திருந்தாலும் அது உடனே அடித்திராது. 70 பிபிஎம் அளவுக்கு, ஒன்றிலிருந்து நாலு மணித்தியாலம் கழித்துத்தான் அடிக்கும் வகையில் வைத்திருக்கிறார்கள். 400 என்றால் நாலிலிருந்து பதினைந்து நிமிடம். ஆகவே வீட்டில் தலையிடித்து வெளியில் போனால் விட்டுப்போகுது என்றால், அலாரத்தைப் பார்த்துக்கொண்டு இருக்காதேங்கோ. எல்லாரையும் வெளியில் கொண்டுபோய் அவசர உதவிக்கு 911 அடியுங்கோ. காஸ் கசிந்தால் அழுகின முட்டை மணம் வரும், காபன் மொனொக்சைட்டுக்கு மணமே இல்லை. வூட்ஸ்டொக்கில் 2008இல் ஒரு முழுக் குடும்பமே இப்படிப் போனது. அது ஃபர்னஸ் இல்லை, காஸ் ஃபயர்பிளேஸின் புகைக்குழாய் அடைத்தது. அதுக்குப் பிறகுதான் ஒன்டாரியோவில் ஹாக்கின்ஸ்-கின்யாக் சட்டம் வந்து, படுக்கையறைப் பக்கம் அலாரம் கட்டாயமானது.

அந்த ஐயாவின் வீட்டு ஃபர்னஸில், பாவிக்கக் கூடாது என்கிற சிவப்பு டாக் போட்டு காஸை மூடினேன். ஐயா என்னோடு இரண்டு வருஷம் கதைக்கவில்லை.

---

மிசிசாகா, மதுரைக்காரன்:

என் கதையில ஹீரோ யாரும் கிடையாது, முட்டாள் மட்டும்தான், அது நான். பையனுக்கு அலர்ஜின்னு கடையில இருந்ததிலேயே விலை கூடின ஃபில்டரா வாங்கிப் போட்டேன். ஒரு இஞ்ச் தடிமன், மெர்வ் 13 (மெர்வ்ங்கிறது எவ்வளவு நுண்ணிய தூசியைப் பிடிக்கும்ங்கிற அளவு). போட்டு நாலு மாசம் மறந்தாச்சு. பிப்ரவரியில ஃபர்னஸ் பத்து நிமிஷம் ஓடும், நிக்கும், மறுபடி ஓடும். வந்தவர் ஃபில்டரை உருவிக் காட்டினார், சாம்பல் நிறத்துல கம்பளி மாதிரி இருந்துச்சு. காத்து போக வழியில்லாம உள்ள சூடு ஏறி லிமிட் சுவிட்ச் அணைச்சிருக்கு. இது ரொம்ப நாள் தொடர்ந்தா நெருப்போட சூட்டை வீட்டுக் காத்துக்கு மாத்துற ஹீட் எக்ஸ்சேஞ்சர் விரிசல் விடலாம்னார். இப்ப மெர்வ் 8, மாசாமாசம் வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பார்க்கிறேன். ஃபில்டர்ல இருக்கிற அம்புக்குறி ஃபர்னஸைப் பார்த்து இருக்கணும்ங்கிறதும் அன்னைக்குத்தான் தெரிஞ்சது.

இன்னொண்ணு. அதே வாரம் கழுத்துல அட்டை மாட்டிக்கிட்டு ஒருத்தர் வந்து, "கவர்மென்ட் இன்ஸ்பெக்‌ஷன், ஃபர்னஸைப் பார்க்கணும்"னார். ஒன்டாரியோவுல காஸ் வேலை பார்க்கிறவங்களைப் பதிவு செய்யுற டிஎஸ்எஸ்ஏ அமைப்போட பதிவு எண் கேட்டேன், ஃபோன் வந்த மாதிரி நடந்து போயிட்டார். கூப்பிடாம வாசலுக்கு வந்து ஃபர்னஸ் விக்கிறது இங்க 2018 மார்ச்சிலிருந்தே தடை. எங்க தெருவுல ரெண்டு வீட்டுல அதுக்கப்புறமும் இப்படி வந்தவங்ககிட்ட ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டிருக்காங்க.

---

எஜாக்ஸ் அம்மா:

அண்ணை, நீங்கள் எழுதினதை வாசித்துவிட்டு எங்கட அலாரத்தைக் கழட்டிப் பின்பக்கம் பார்த்தேன். 2013 என்று அடித்திருக்கு. டெஸ்ட் பட்டனை அமத்தினால் நல்லாத்தான் கத்துது.

---

ஓய்வுபெற்ற காஸ்காரன், ஸ்கார்பரோ:

பட்டன் அமத்தினால் கத்துவது ஸ்பீக்கர் வேலை செய்யுது என்பதுக்குத்தான். உள்ளுக்க இருக்கிற சென்சருக்கு ஏழிலிருந்து பத்து வருஷம்தான் ஆயுள். இண்டைக்கே புதுசு வாங்குங்கோ. புரட்டாதியில், முதல் குளிர் வரமுதல், லைசன்ஸ் இருக்கிற ஆளைக் கூப்பிட்டு ஃபர்னஸையும் காட்டுங்கோ. டிசம்பரில் கூப்பிட்டால் ஒருத்தரும் வரமாட்டினம், நானும்தான்.