மரபணு மாற்றுப் பயிர் பற்றித் தமிழில் விளக்க ஒருவர் தேவை

வணக்கம் உறவுகளே. தம்பலகாமத்தில் எங்கட கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் மரபணு மாற்றுப் பயிர் பற்றிப் பேச ஒருவரைத் தேடுகிறோம்.

போன கூட்டத்தில் இதனால் பெரிய வாக்குவாதம். கடையில் வாங்கும் ஹைபிரிட் கத்தரி விதையும் இதுதான் என்று பாதிப்பேர் நினைக்கிறார்கள். அது இரண்டு கத்தரி இனங்களை மகரந்தம் சேர்த்து எடுப்பது. பிடி (Bt) கத்தரி என்கிற மரபணு மாற்றுக் கத்தரியிலோ மண்ணில் வாழும் பக்டீரியாவின் மரபணு இருக்கிறது, காயைத் துளைக்கும் புழுவைக் கொல்லத்தான் அது. காய்க்குள் புழு போன துளை ஒன்று தெரிந்தாலே சந்தையில் வியாபாரி ஒதுக்கிவிடுவார், அந்தப் பயத்தில்தான் திரும்பத் திரும்ப மருந்தடிக்கிறோம். ஆகவே பிடி கத்தரியை இந்தியா 2010இல் ஏன் நிறுத்தி வைத்தது, பங்களாதேஷ் 2013இல் ஏன் அனுமதித்தது, இரண்டையும் பக்கம் சாயாமல் கேட்க வேண்டும். விதையை எடுத்து வைத்து அடுத்த போகம் போடலாமா என்பதுதான் வயதானவர்களின் முதல் கேள்வி. எனக்கும் அதுதான் பெரிது.

பல்கலைக்கழகத்திலோ விவசாயத் திணைக்களத்திலோ இருப்பவர்கள் யாரையாவது தெரியுமா? விதைக் கம்பனி ஆட்கள் வேண்டாம். போக்குவரத்துச் செலவும் மதியச் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. மரபணு மாற்று உணவுக்கு லேபல் ஒட்டச் சொல்லும் இலங்கையின் 2006ஆம் ஆண்டு விதிமுறைகளின் தமிழ்ப் பிரதி இருந்தாலும் அனுப்புங்கோ.