கறிவேப்பிலையில் புழு வந்தால் மருந்தடிக்காதீர்கள்: எங்கள் வீட்டு அனுபவம்

எங்கள் வீடு சேலம் கன்னங்குறிச்சியில். மொட்டை மாடியில் நின்றால் சேர்வராயன் மலை முழுசாகத் தெரியும். வீட்டுக்குப் பின்னால் ஒன்றரை சென்ட் பொடக்காலி. ஆறு வருஷத்துக்கு முன்னால் அதையும் சிமெண்ட் போட்டு மூடுவதாக இருந்தோம். மூடாமல் விட்டதற்குக் காரணம் கறிவேப்பிலைச் செடியில் வந்த புழு.

அது புரட்டாசி மாதம். இலை மேல் குருவி எச்சம் போலக் கறுப்பும் வெள்ளையுமாக ஏதோ ஒட்டியிருந்தது. ஈர்க்குச்சியால் தள்ளிவிடப் போனேன். எச்சம் தலையைத் தூக்கியது! தலைக்குப் பின்னால் இருந்து சிவப்பாக இரண்டு கிளை பிரிந்த கொம்பு ஒன்று வெளியே வந்தது, கூடவே குப்பென்று ஒரு வாடை. கையை உதறிக்கொண்டு பின்வாங்கிவிட்டேன். மாமியார் சாம்பல் தூவச் சொன்னார். பக்கத்து வீட்டு அக்கா வேப்பெண்ணெய்க் கரைசல் கொண்டுவந்தே விட்டார். ஏழாம் வகுப்பு படித்த என் மகள்தான், "என்ன ஆகுதுன்னு பார்க்கலாம்மா, விடுங்க" என்று குறுக்கே நின்றாள். சரி, விட்டோம்.

சில நாளில் எச்சம் மாதிரி இருந்தது தோல் உரித்து இலைப் பச்சைக்கு மாறியது. சுண்டுவிரல் கனம். எண்ணிப் பார்த்தால் பதினொன்று. பக்கத்தில் நின்றால் இலையை நறுக்குவது கண்ணுக்கே தெரியும். ஓரத்தில் இருந்து அரைவட்டம் அரைவட்டமாக மேலிருந்து கீழே இறங்கும். செடி குச்சியானது. சமையலுக்கு என்ன செய்வது என்று மாமியார் கேட்டார். உழவர் சந்தையில் காய் வாங்கினால் கொசுறாகக் கிடைக்கிற இலைதானே, இரண்டு வாரம் சமாளித்தோம்.

அப்புறம் ஒவ்வொன்றாகச் செடியை விட்டு இறங்கிப் போயின. ஒன்று மட்டும் துணி துவைக்கும் கல்லின் அடியில், இடுப்பைச் சுற்றி ஒரு நூலைக் கட்டிச் சாய்ந்தபடி கூட்டுப்புழுவாகிவிட்டது. பத்து நாள் அந்தக் கல்லில் யாரும் துணி துவைக்கவில்லை. ஒரு நாள் விடிகாலையில் கூடு கறுத்து, உள்ளே இறக்கையின் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. ஏழு மணிக்கு வெளியே வந்தது. பிழிந்த துணி போலச் சுருங்கிக் கிடந்த இறக்கை, நாங்கள் பார்க்கப் பார்க்க விரிந்தது. கறுப்பு இறக்கை, பின்பக்கம் வரிசையாக வெள்ளைப் புள்ளி. கறிவேப்பிலை அழகி என்கிற வண்ணத்துப்பூச்சி, ஆண். இதன் பெண் பல நேரம் வேறு வேஷத்தில் வரும்: ஈஸ்வரமூலிக் கொடியைத் தின்று வளரும், உடல் சிவந்த வண்ணத்துப்பூச்சி ஒன்று உண்டு, அது நஞ்சு என்று பறவைகள் தொடாது. அதன் சாயலைப் போட்டுக்கொண்டுதான் நம் பெண் அழகி பிழைக்கிறாள். மாமியார் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அவரே இன்னும் இரண்டு கறிவேப்பிலைக் கன்று வாங்கிவரச் சொன்னார். மொட்டையான செடியும் ஒரு மாதத்தில் தளதளவென்று துளிர்த்துவிட்டது.

புழு இருந்தால்தான் குருவியும் வரும் என்பது அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. தேன்சிட்டு தேன் குடிக்கிறது, சரி. குஞ்சுக்கு அது கொண்டுபோவது சிலந்தியும் சின்னப் பூச்சியும். எங்கள் செம்பருத்தியில் கூடு கட்டிய தையல்சிட்டு விடாமல் புழுவைத்தான் தூக்கிப் போனது. மருந்தடித்த தோட்டத்தில் அந்தக் குஞ்சுகளுக்கு என்ன கிடைக்கும்?

தண்ணீருக்கு ஒரு மண் தட்டு வைத்திருக்கிறோம். வாரம் இரண்டு தடவை கொட்டி, தேங்காய் நாரால் உள்பக்கம் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு கொசுவின் முட்டை பாத்திரச் சுவரில் ஒட்டிக்கொள்ளும், தண்ணீரை மட்டும் மாற்றினால் போகாது.

பாம்பைப் பற்றி எல்லோரும் கேட்பீர்கள். வந்தது. போன பங்குனியில் சருகுக் குவியலில் இருந்து ஆள் நீளத்துக்கு ஒன்று வெளியேறியது. பக்கத்தில் கம்போடு ஓடி வந்தவரைக் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தினேன். குழந்தைகளை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தினோம். கேட் சந்து வழியாக அதுவே போய்விட்டது. சாரை என்றார்கள். எதுவாக இருந்தாலும் நாம் கிட்டப் போகக் கூடாது, பாம்பு போகாமல் நின்றால் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். இப்போது சருகை வாசலில் இருந்து தள்ளி, கடைசிச் சுவர் ஓரம் சேர்க்கிறோம். வெறுங்கையால் கிளறுவதில்லை. இருட்டினால் டார்ச் இல்லாமல் யாரும் பின்னால் போவதில்லை.

•

ஏற்காட்டில் இருந்து எழுதுகிறேன். அக்கா, உங்கள் புழுக் கதையை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். ஆனால் மலையில் கணக்கு வேறு. எங்கள் வீடு காப்பித் தோட்டத்தின் ஓரம். பலாச்சக்கையையும் வாழைப்பழத் தோலையும் சமையலறைக்குப் பின்னால் கொட்டிக்கொண்டிருந்தோம், குருவிகள் தின்னட்டும் என்று. ஒரு மார்கழி விடியலில் அப்பா கதவைத் திறந்தால், பத்தடியில் காட்டெருமை. பனியில் அதன் மூச்சு புகையாக வந்தது. கால் நான்கும் வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி. அப்பா மூச்சுவிடாமல் கதவைச் சாத்திவிட்டார். அது அரைமணி நேரம் நின்று சக்கையைத் தின்றுவிட்டுப் போனது.

தப்பு எங்களுடையதுதான். இப்போது சக்கை எல்லாம் மூடி போட்ட குழிக்குப் போகிறது. குரங்குக்கும் எதுவும் போடுவதில்லை. வளைவுகளில் வண்டியை நிறுத்திப் பழம் நீட்டுகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அந்தக் குரங்குகள்தான் அப்புறம் வண்டிச் சக்கரத்தில் மாட்டுகின்றன. குருவிக்கு வேலியில் ஒரு அத்தி வைத்தோம், அது போதும். நிழலுக்கு இங்கே எங்கும் ஆஸ்திரேலியாவில் இருந்து வந்த சில்வர் ஓக்தான். அத்தி பழுத்தால் கூடுகிற கூட்டத்தை அதில் நான் பார்த்ததில்லை.

பூச்செடியில் முதலில் எதை வைக்கலாம் என்று சொல்லுங்கள்.

•

தம்பி, கிலுகிலுப்பை வையுங்கள். காய் முற்றிக் காய்ந்ததும் பிடுங்கி எறியாதீர்கள். நீல வரியன் என்கிற வண்ணத்துப்பூச்சியின் ஆண்கள் தேடி வருவது அந்தக் காய்ந்த தண்டுக்குத்தான். உறிஞ்சுகுழலால் தண்டை ஈரமாக்கி, அதில் கரைகிற பொருளை உறிஞ்சும். பெண்ணை ஈர்க்கிற மணத்தை அதில் இருந்துதான் தயார் செய்துகொள்கிறது. போன ஐப்பசியில் ஒரே செடியில் முப்பதுக்கு மேல் தொங்கின, பக்கத்தில் போய் நின்றாலும் பறக்கவில்லை.

எங்களிடம் ஒரு டப்பா விதை இருக்கிறது. சேலம் இறங்கும்போது சொல்லுங்கள், மகளிடம் கொடுத்தனுப்புகிறேன். ஒரு ராத்திரி ஊறவைத்து, வெயில் நன்றாகப் படுகிற இடமாகப் பார்த்து ஊன்றுங்கள்.