கனடா வொர்க் பெர்மிட்: பதில் வரும்வரை வேலைக்குப் போகலாமா?

வொர்க் பெர்மிட்டுக்குப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "எவ்வளவு நாள் ஆகும்?" அதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. பதில் வரும்வரை நான் வேலைக்குப் போகலாமா, கூடாதா? பெரும்பாலானவர்கள் இதைப் பெர்மிட் முடியப்போகிற வாரத்தில்தான் கேட்கிறார்கள். எத்தனை நாள் ஆகும் என்பது நம் கையில் இல்லை. வேலைக்குப் போகலாமா என்பது, எப்போது, எங்கிருந்து, என்ன ஸ்டேட்டஸில் இருந்துகொண்டு போட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. அதில் பாதியாவது நம் கையில் இருக்கிறது. அதனால் இந்தத் திரியில் அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

முதலில் நாள் கணக்கு. ஐஆர்சிசி (கனடா குடிவரவுத் துறை) தளத்தில் காட்டுகிற ப்ராசஸிங் டைமை யாரும் வாக்குறுதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏற்கெனவே முடித்த விண்ணப்பங்களில் 80 சதவீதம் எவ்வளவு காலத்துக்குள் முடிந்தன என்று அது காட்டுகிறது. அப்படியென்றால் ஐந்தில் ஒருவருக்கு அதைவிடத் தாமதமாகத்தான் வந்திருக்கிறது. அந்த ஐந்தில் ஒருவர் நீங்களாக இருந்தால், உங்கள் ஃபைலில் ஏதோ கோளாறு என்று அர்த்தமில்லை. எண்ணிக்கை தொடங்குவது முழுமையான விண்ணப்பம் அவர்கள் கைக்குப் போன நாளிலிருந்து. பயோமெட்ரிக்ஸ் (கைரேகை, புகைப்படம்) கொடுக்க நீங்கள் எடுத்துக்கொள்ளும் நாட்கள் அதில் சேராது.

சர்வீஸ் ஸ்டாண்டர்ட் என்று இன்னொரு எண்ணும் இருக்கிறது. கனடாவுக்கு வெளியிலிருந்து போட்டால் 60 நாள், உள்ளேயிருந்து போட்டால் 120 நாள். அது அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட இலக்கு. உள்ளேயிருந்து போட்டவர்களுக்கு 120 தாண்டி ஓடிய காலங்கள் நிறைய. "120 நாள் முடிந்துவிட்டது, இனி கேஸ் போடலாமா" என்று பதறுகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள், அதற்குப் பின்னால் வருகிறேன்.

வாட்ஸ்ஆப் குழுக்களில் தேதி ஒப்பிடுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். ஒரே பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கே ஒரே நேரத்தில் சாம்பார் வராது. இங்கே படிப்பு முடித்தவர்களுக்கான பிஜிடபிள்யூபி வேறு, உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளி வாங்குகிற எல்எம்ஐஏ அனுமதியை வைத்துப் போடுவது வேறு, கணவன் மனைவிக்கான ஓப்பன் பெர்மிட் வேறு. குளோபல் ஸ்கில்ஸ் ஸ்ட்ராட்டஜி என்று 2017இல் கொண்டுவந்த வழியில், சில உயர் திறன் வேலைகளுக்கு வெளிநாட்டிலிருந்து போடுகிறவர்களுக்கு இரண்டு வாரம்தான் இலக்கு. அப்படி வந்த ஒருவர் "எனக்குப் பதினைந்தே நாளில் வந்துச்சே" என்று குழுவில் போட்டதும், பிராம்டனில் உட்கார்ந்து எக்ஸ்டென்ஷனுக்குக் காத்திருப்பவருக்குத் தூக்கம் போய்விடுகிறது.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

கையில் இருக்கிற வொர்க் பெர்மிட் முடிவதற்குள், கனடாவுக்குள் இருந்தபடியே, மறுபடியும் வொர்க் பெர்மிட்டுக்குத்தான் போட்டீர்கள் என்றால், பழையது காலாவதி ஆனாலும் முடிவு வரும்வரை வேலை செய்யலாம். இதுதான் மெயின்டெய்ன்ட் ஸ்டேட்டஸ். ரொம்ப நாளாக இங்கே இருப்பவர்கள் இன்னும் இம்ப்ளைட் ஸ்டேட்டஸ் என்பார்கள், இரண்டும் ஒன்றுதான். பழைய பெர்மிட்டில் என்ன நிபந்தனையோ அதுவே தொடரும். ஓப்பன் பெர்மிட் என்றால் எங்கே வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம். குளோஸ்டு பெர்மிட் என்றால் அதே முதலாளி, அதே வேலை. வொர்க் பெர்மிட்டில் இருந்துகொண்டு விசிட்டர் ரெக்கார்டுக்குப் போட்டால் நாட்டில் தங்கலாம், ஆனால் பழைய பெர்மிட் முடிந்த மறுநாள் வேலையை நிறுத்த வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். "ஸ்டேட்டஸ் இருக்கு" என்பதும் "வேலை செய்யலாம்" என்பதும் தனித்தனி.

இன்னொரு பொறி, அரைகுறை விண்ணப்பம். கையெழுத்து இல்லை, கட்டணம் குறைவு, ஒரு படிவம் விட்டுப்போனது என்று அவர்கள் திருப்பி அனுப்பினால், நீங்கள் போடவே இல்லை என்றுதான் கணக்கு. அதற்குள் பழைய பெர்மிட் முடிந்திருந்தால் மெயின்டெய்ன்ட் ஸ்டேட்டஸும் கிடையாது. கடைசி நாள் ராத்திரி பதினோரு மணிக்கு அப்லோட் செய்வது அதனால்தான் ஆபத்து. மூன்று நான்கு மாதம் முன்னாலேயே போட்டுவிடுங்கள்.

ஸ்டேட்டஸ் போய்விட்டதா? 90 நாளுக்குள் ரெஸ்டொரேஷனுக்கு, அதாவது இழந்த ஸ்டேட்டஸைத் திரும்பக் கேட்டு, போடலாம். அந்தக் காலத்தில் வேலை செய்யக்கூடாது. "கேஷ்ல வாங்கிக்கலாம், யாருக்குத் தெரியும்" என்று ஆலோசனை சொல்ல ஒருவர் எல்லா ஊரிலும் இருப்பார். நாளைக்கு பிஆர் (நிரந்தர வதிவிட) ஃபைலில் அதற்குப் பதில் எழுதப்போவது அவர் கிடையாது.

இப்போது எச்ஆர் பிரச்சினை. ஆன்லைனில் எக்ஸ்டென்ஷனுக்குப் போட்டவர்களுக்கு ஐஆர்சிசி கணக்கில் ஒரு கடிதம் வரும், டபிள்யூபி எக்ஸ்ட் என்று பெயர் இருக்கும். பதில் வரும்வரை இவர் வேலை செய்யலாம் என்பதற்கு அதுதான் சான்று. அதை வந்த அன்றே எச்ஆருக்கு அனுப்பிவிடுங்கள், கட்டணம் கட்டிய ரசீதையும் சேர்த்து. அந்தக் கடிதத்திலும் ஒரு தேதி இருக்கும். அந்தத் தேதி தாண்டியும் முடிவு வரவில்லை என்றால் உங்கள் உரிமை போய்விடாது, ஏனென்றால் உரிமையைத் தருவது சட்டம், கடிதம் அதைக் காட்டுகிறது, அவ்வளவுதான். எச்ஆரில் இருப்பவர் புதியவராக இருந்தால் குடிவரவு விதிகளில் 186(யூ) என்ற பிரிவைக் காட்டுங்கள். கோபப்படாமல் காட்டுங்கள். பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. உங்கள் சின் நம்பர் (சம்பளத்துக்கும் வரிக்கும் கேட்கிற சமூகக் காப்பீட்டு எண்) 9இல் தொடங்கும், அதற்கும் காலாவதி உண்டு. புதிய பெர்மிட் கைக்கு வந்ததும் சர்வீஸ் கனடா என்ற அரசு சேவை அலுவலகத்தில் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள். காசு கிடையாது.

பாஸ்போர்ட்டைப் பற்றி யாரும் சொல்லமாட்டார்கள், நான் சொல்கிறேன். பாஸ்போர்ட் முடியும் தேதியைத் தாண்டி பெர்மிட் கொடுக்கமாட்டார்கள். மூன்று வருடம் கிடைக்க வேண்டிய பிஜிடபிள்யூபி, பாஸ்போர்ட்டில் 14 மாதம்தான் மிச்சம் என்றால் 14 மாதத்துக்குத்தான் வரும். மீதியை அப்புறம் கேட்டு வாங்கலாம், ஆனால் அதற்கு இன்னொரு விண்ணப்பம், இன்னொரு காத்திருப்பு. முதலில் பாஸ்போர்ட், பிறகு பெர்மிட்.

படிப்பு முடித்த தம்பி தங்கைகளுக்கு: படிப்பு முடிந்தது என்று கல்லூரி உறுதி செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் பிஜிடபிள்யூபிக்குப் போட வேண்டும். போடும்போது ஸ்டடி பெர்மிட் உயிரோடு இருந்து, படிக்கும்போதே வெளியில் வேலை செய்யத் தகுதியும் இருந்திருந்தால், பதில் வரும்வரை முழுநேரம் வேலை செய்யலாம். 180 நாள் இருக்கிறதே என்று ஸ்டடி பெர்மிட்டை முடியவிட்டுவிட்டுப் போட்டால் இந்தச் சலுகை போச்சு. 2024 நவம்பர் 1 முதல் மொழித் தேர்வு முடிவும் கேட்கிறார்கள், சிஎல்பி என்ற கனடா மொழித்திறன் அளவில் பல்கலைக்கழகப் பட்டத்துக்கு 7, பெரும்பாலான கல்லூரிப் படிப்புகளுக்கு 5. தேர்வுக்கு இடம் கிடைக்கவும் முடிவு வரவும் நாளாகும், அதனால் கடைசி செமஸ்டரிலேயே எழுதிவிடுங்கள். கட்டணம் 155 டாலரும், ஓப்பன் பெர்மிட்டுக்காக இன்னொரு 100 டாலரும். பிஜிடபிள்யூபி வாழ்நாளில் ஒருமுறைதான் கிடைக்கும்.

கணவரோடு, மனைவியோடு சேர வருகிறவர்கள் நிலைமைதான் உண்மையிலேயே கஷ்டம். விசிட்டராக வந்து இங்கிருந்து ஓப்பன் பெர்மிட்டுக்குப் போடுகிறவர்களுக்குத் தொடர்வதற்கு முந்தைய வேலை உரிமை எதுவும் இல்லை. பெர்மிட் கையில் வரும்வரை ஒரு மணி நேரம்கூட வேலை செய்யக்கூடாது. 2025 ஜனவரி 21க்குப் பிறகு விதியும் இறுகிவிட்டது. வேலையில் இருக்கிற துணையின் வேலை, கனடா தொழில்களுக்கு வைத்திருக்கும் டியர் என்ற தர வரிசையில் 0, 1, அல்லது 2, 3இல் குறிப்பிட்ட சில தொழில்களாக இருக்க வேண்டும், அவருடைய பெர்மிட்டில் குறைந்தது 16 மாதம் மிச்சம் இருக்க வேண்டும். அந்த 16 மாதத்தைக் கவனியுங்கள். "அடுத்த மாதம் போட்டுக்கலாம்" என்று தள்ளிக்கொண்டே போனவர்களுக்குத் தகுதியே போயிருக்கிறது. ஒரு சின்ன ஆறுதல்: சென்னையிலோ கோவையிலோ இருக்கிற கம்பெனிக்கு, அங்கிருந்தே சம்பளம் வாங்கிக்கொண்டு ரிமோட்டாக வேலை பார்க்கிறீர்கள் என்றால், விசிட்டராக இருக்கும் காலத்தில் அதைத் தொடரலாம், ஐஆர்சிசியே அதை அனுமதிக்கிறது. வாடிக்கையாளரும் முதலாளியும் கனடாவில் இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

அகதிக் கோரிக்கை வைத்திருக்கும் ஈழத்து உறவுகள் இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தார்கள். உங்கள் வொர்க் பெர்மிட்டும் ஐஆர்பி (அகதிக் கோரிக்கையைத் தீர்மானிக்கும் வாரியம்) விசாரணையும் ஒன்றல்ல. விசாரணைக்கு நீண்ட காலம் ஆகலாம், பெர்மிட் அதற்காகக் காத்திருக்காது. கோரிக்கைப் படிவத்திலேயே வொர்க் பெர்மிட் வேண்டும் என்று குறித்திருந்தால் தனி விண்ணப்பம் தேவையில்லை, கட்டணமும் இல்லை. தாமதம் பெரும்பாலும் மெடிக்கலில்தான் நிற்கும். கடிதம் வந்ததும் பட்டியலில் உள்ள டொக்டரிடம் உடனே நேரம் எடுத்துவிடுங்கள், 30 நாள் இருக்கிறது என்று ஆறப்போட வேண்டாம். அந்தச் செலவை ஐஎஃப்எச்பி என்ற மத்திய அரசின் அகதிகள் மருத்துவத் திட்டம் ஏற்கும். பெர்மிட் வரும்வரை ஒன்டாரியோ வேர்க்ஸ் என்ற மாகாண உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை, அதற்காகத்தான் அது இருக்கிறது. பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கவும் எதற்காகவும் காத்திருக்க வேண்டாம்.

"நயாகரா பார்டருக்குப் போய்த் திரும்பினால் அன்றைக்கே கையில் தருவார்கள்" என்று இன்னும் யூட்யூபில் வீடியோ ஓடுகிறது. இப்படி பார்டரைத் தாண்டித் திரும்பி அங்கேயே பெர்மிட் கேட்கிற ஃபிளாக்போலிங் 2024 டிசம்பர் 23ஆம் தேதியோடு நின்றுவிட்டது. அமெரிக்கக் குடிமக்கள் போன்ற சில விலக்குகள் தவிர, பார்டரில் பெர்மிட் விண்ணப்பத்தை எடுக்கமாட்டார்கள். ரெயின்போ பிரிட்ஜில் நடந்து போய் அருவியைப் பார்த்துவிட்டு வரலாம், அதற்கும் அமெரிக்க விசா வேண்டும்.

எல்எம்ஐஏ வழியில் போகிறவர்கள் இரண்டு வரிசையில் நிற்கிறீர்கள் என்பதை மறக்கக்கூடாது. முதலில் முதலாளி சர்வீஸ் கனடாவில் எல்எம்ஐஏ வாங்க வேண்டும், அது வந்த பிறகுதான் நீங்கள் ஐஆர்சிசியில் போட முடியும். முதல் வரிசை நகரும்போது உங்கள் பெர்மிட் தேதி ஓடிக்கொண்டே இருக்கும். அந்த 1,000 டாலர் கட்டணம் முதலாளியுடையது, உங்களிடம் வசூலிப்பது சட்டவிரோதம். இதற்கு மேல் பல ஆயிரம் கேட்டு "எல்எம்ஐஏ எடுத்துத் தருகிறேன், பிஆர் பாயின்ட்டும் கிடைக்கும்" என்று சொல்கிறவர்களிடம் ஒரு தகவல் சொல்லுங்கள்: பாயின்ட் கணக்கில் பிஆருக்கு அழைக்கிற எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வேலை வாய்ப்புக்கான பாயின்ட்டை 2025 மார்ச் 25இல் எடுத்துவிட்டார்கள். ஆலோசகர் என்று சொல்லிக்கொள்கிறவரின் பெயர், குடிவரவு ஆலோசகர்கள் கல்லூரியின் பதிவேட்டில் இருக்கிறதா என்று ஆன்லைனிலேயே பார்க்கலாம். இல்லையென்றால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

கீழே கேட்டவர்களுக்குப் பதில்.

நாள் தாண்டிவிட்டது, என்ன செய்வது என்று கேட்ட தம்பிக்கு: முதலில் ஐஆர்சிசி தளத்தில் இருக்கும் வெப்ஃபார்மில் ஒரு விசாரணை போடுங்கள். தினமும் போடாதீர்கள், ஒன்று போதும். அப்புறம் 5 டாலர் கட்டி ஜிசிஎம்எஸ் நோட்ஸ் (அதிகாரிகள் உங்கள் ஃபைலில் எழுதும் குறிப்புகள்) கேளுங்கள். ஃபைல் எந்த மேசையில் நிற்கிறது, மெடிக்கலா, செக்யூரிட்டியா, தொடவே இல்லையா என்பது அதில் ஓரளவு தெரியும். உங்கள் தொகுதி எம்பி அலுவலகத்துக்கும் எழுதலாம், அதற்கு நீங்கள் வாக்காளராக இருக்கத் தேவையில்லை. அவர்களால் வரிசையைத் தாண்ட வைக்க முடியாது, ஆனால் ஏதாவது ஆவணம் கேட்டு அனுப்பிய கடிதம் உங்கள் கண்ணில் படாமல் கிடந்தால் அங்கே தெரிந்துவிடும். ஃபெடரல் கோர்ட்டில் மேன்டமஸ் (முடிவெடுக்கச் சொல்லி உத்தரவு கேட்கும் வழக்கு) போடுவது கடைசி வழி. மெயின்டெய்ன்ட் ஸ்டேட்டஸில் சம்பளம் வாங்கிக்கொண்டிருப்பவர் அதற்குப் பணம் செலவழிப்பது எனக்கு அநாவசியமாகப் படுகிறது.

பிஆர் போட்டாச்சு, பெர்மிட் முடியப்போகிறது என்ற அக்காவுக்கு: ஃபைல் முழுமையாக இருக்கிறது என்று உறுதி செய்த ஏஓஆர் (விண்ணப்பம் கிடைத்ததென்ற கடிதம்) வந்திருந்தால், பிஆர் முடிவு வரும்வரைக்கான பிரிட்ஜிங் ஓப்பன் பெர்மிட்டுக்குப் போடுங்கள். இப்போதைய பெர்மிட் முடிவதற்குள் போட்டால் முதலில் சொன்ன அதே விதி, வேலை தொடரும்.

தை மாதம் தங்கை கல்யாணம், எக்ஸ்டென்ஷன் நிலுவையில் இருக்கிறது, போய்விட்டு வரலாமா என்று கேட்டவருக்கு: பழைய பெர்மிட் இன்னும் முடியவில்லை, விசாவும் செல்லுபடியாகிறது, முடிவதற்குள் திரும்பிவிடுவீர்கள் என்றால் போய் வாருங்கள். பெர்மிட் முடிந்துவிட்டது, மெயின்டெய்ன்ட் ஸ்டேட்டஸில்தான் இருக்கிறீர்கள் என்றால், அது கனடாவுக்குள் இருக்கும்வரைதான். வெளியே போனால் கூடவே வராது. திரும்பி உள்ளே விடுவார்களா, விட்டாலும் வேலைக்குப் போக விடுவார்களா என்பது பார்டரில் நிற்கும் அதிகாரி முன்னால் முடிவாக வேண்டிய விஷயமாகிவிடும். உரிமம் உள்ள ஒரு லாயரிடம் பெர்மிட், விசா, கடிதம் மூன்றையும் காட்டிக் கேட்டுவிட்டுப் பிறகு டிக்கெட் எடுங்கள். வீட்டில் சொல்லிக் கல்யாணத் தேதியை நகர்த்த முடியுமா என்றும் இப்போதே பேசிப் பாருங்கள், மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால்.