கியர்சார்ஜ் சங்கிலி: தந்திரமா, மோசடியா?

நங்கூரம்: "அலபாமா நேர்மையாகத் தோற்கவில்லை, கியர்சார்ஜ் பலகைக்கடியில் இரும்பை ஒளித்துவைத்து ஏமாற்றியது" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில், பிரிந்துபோன தென் மாநிலங்களின் கப்பல் அலபாமாவும் வட அரசின் போர்க்கப்பல் கியர்சார்ஜும் 1864 ஜூன் 19 அன்று பிரான்சின் ஷெர்பூர் துறைமுகத்துக்கு வெளியே மோதிய சண்டை இது. வாடா என்று சொல்லியனுப்பியதே அலபாமா கேப்டன் செம்ஸ்தான். கூப்பிட்டு அடி வாங்கிவிட்டு அப்புறம் என்ன ஒப்பாரி?

சுக்கான்: அந்த 'ஒருவர்' நான்தான். பேரைச் சொல்லியே திட்டுங்க, உங்களுக்குப் பழக்கம்தானே. சங்கிலி இருந்துச்சா இல்லையா?

நங்கூரம்: இருந்தது. இன்ஜினைக் காக்க நங்கூரச் சங்கிலியைக் கப்பலின் வெளிப்பக்கம் தொங்கவிட்டு மேலே பலகை அடித்திருந்தார்கள். அதுவும் ஏறக்குறைய ஒரு வருடம் முன்பே. அலபாமாவில் இருந்த அதிகாரி ஒருவரே செம்ஸுக்கு இது தெரியும் என்று பின்னால் எழுதிவைத்திருக்கிறார்.

சுக்கான்: பலகை எதுக்கு அடிச்சாங்க? அழகுக்கா? கவசக் கப்பலோட மரக்கப்பல் மோதினா அது சண்டையா?

நங்கூரம்: சங்கிலி கட்டினால் கவசக் கப்பலா? அப்படியென்றால் எங்கள் வீட்டுக் கிணற்று வாளியும் கவசக் கப்பல்தான். அலபாமா சுட்டது சுமார் 370 குண்டு, பட்டது முப்பதுகூடத் தேறாது. சங்கிலியில் பட்டதை விரல்விட்டு எண்ணலாம். கியர்சார்ஜின் சுக்கான் தண்டில் போய்ச் செருகிய குண்டு வெடிக்கவே இல்லை. நமத்துப்போன மருந்துக்கும் சங்கிலிதான் காரணமா? எதிரில் 11 அங்குல டால்கிரன் பீரங்கி இரண்டு இருந்ததே, அதைப் பற்றி மூச்சுவிட மாட்டீர்கள்.

பாய்மரம்: 1863 ஜனவரியில் டெக்சாஸின் கால்வெஸ்டன் பக்கம் வட அரசின் ஹாட்டராஸ் கப்பல்காரன் யாரென்று கேட்டதுக்கு, "பிரிட்டிஷ் கப்பல்"னு பொய் சொல்லிப் பக்கத்துல வரவிட்டுச் சுட்டது யாராம்? அது மட்டும் போர்த்தந்திரமோ?

சுக்கான்: சுடுறதுக்கு முன்னாடி சொந்தக் கொடியை ஏத்திட்டாங்க. சங்கிலிக்காரன் பலகையைக் கழட்டிக் காட்டினானா?

கரைவலை: சண்டை போடாதீங்கப்பா. அலபாமா நம்ம பக்கமும் வந்திருக்கு தெரியுமா? 1864 ஜனவரியில் மலபார் கடலில் எம்மா ஜேன் கப்பலை எரித்துவிட்டு, அதில் இருந்தவர்களைக் கேரளக் கரையில் உள்ள அஞ்செங்கோவில் இறக்கிவிட்டது.

பாய்மரம்: அஞ்சுதெங்குனு எழுதுங்க. வெள்ளைக்காரன் வாயில நுழையாததை நாமளும் ஏன் சுமக்கணும்?

கரைவலை: போன மாதம் நீங்கள் தூத்துக்குடியை 'டூட்டிகோரின்' என்று எழுதியபோது நான் ஏதாவது சொன்னேனா?

நங்கூரம்: ஊர்ப்பெயர்ச் சண்டையை வேறெங்காவது வைத்துக்கொள்ளுங்கள். சுக்கான் ஐயா, தோற்று வெள்ளைக்கொடி காட்டியபிறகு வாளைக் கடலில் எறிந்துவிட்டு, டீர்ஹவுண்ட் என்ற ஆங்கிலேய உல்லாசப் படகில் ஏறி இங்கிலாந்துக்குத் தப்பினாரே உங்கள் நாயகர் செம்ஸ், அது எந்த நேர்மையில் சேர்த்தி? அடிமைமுறையைக் காக்க நின்ற அரசின் கப்பலுக்கு இவ்வளவு கண்ணீர் வேறு. அந்தக் கப்பலைக் கட்டிக்கொடுத்த பாவத்தையும் சேர்த்து 1872இல் பிரிட்டன் அமெரிக்காவுக்கு 1.55 கோடி டாலர் அழ நேர்ந்தது.

சுக்கான்: பேச்சை மாத்தாதீங்க. ரஷ்ய-ஜப்பான் சுஷிமா கடற்போர் பத்தின விவாதத்துலயும் இதே வேலைதான் செஞ்சீங்க.

நங்கூரம்: சுஷிமாவில் நீங்கள் சொன்ன தப்பைத் திருத்தியவன் நான். நன்றியாவது சொல்லியிருக்கலாம்.

சுக்கான்: சரி சாமி, நன்றி. பலகை எதுக்கு அடிச்சாங்க?