ஐந்தாம் படியில் நிற்கும் என் தம்பிக்காக

வணக்கம். என் தம்பி குடியை நிறுத்தி ஏழு மாதங்கள் ஆகின்றன. குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் கூட்டங்களுக்குத் தவறாமல் போகிறான். குடியிலிருந்து மீள அந்த அமைப்பு வகுத்த பன்னிரண்டு படிகளில் முதல் மூன்றையும் அவன் தயங்காமல் ஏறினான். பிரார்த்தனை செய்து வளர்ந்தவன். தன்னைவிடப் பெரிய சக்தியிடம் ஒப்படைப்பது அவனுக்குப் புதிதல்ல.

நான்காம் படிக்காகத் தன் குற்றங்குறைகளை ஒரு நோட்டில் எழுதினான். அப்பாவைப் பற்றிய பக்கத்தை மட்டும் மூன்று முறை கிழித்திருக்கிறான். தையலில் அந்தத் தாள்களின் ஓரங்கள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

இப்போது ஐந்தாம் படி. தவறுகளைக் கடவுளிடமும் தன்னிடமும் இன்னொரு மனிதரிடமும் ஒப்புக்கொள்ள வேண்டும். "கடவுளிடம் சொல்லிவிட்டேன் அக்கா, அது போதாதா?" என்று கேட்கிறான். போதாது என்றுதான் எனக்குப் படுகிறது. 1939இல் இந்தப் படிகளை நூலாக்கியவர்கள், குடியிலிருந்து தாங்களே மீண்டு வந்தவர்கள். இன்னொரு மனிதரைக் காரணமில்லாமல் சேர்த்திருக்க மாட்டார்கள். ஆனால் குடியை அறியாத நான் இதை அவனிடம் எந்த வாயால் சொல்வது?

இந்தப் படியைக் கடந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். யாரிடம் சொன்னீர்கள், ஸ்பான்சரிடமா (படிகளில் வழிகாட்டும் மூத்த உறுப்பினர்), மதகுருவிடமா? சொன்ன அன்றிரவு எப்படி இருந்தது? வீட்டில் இருப்பவர்கள் அப்போது பக்கத்தில் இருக்க வேண்டுமா, விலகி நிற்க வேண்டுமா? அவன் சொல்வதை நானே கேட்டுக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். ஆனால் எட்டாம் படியில், அவனால் புண்பட்டவர்களின் பட்டியலில் என் பெயரும் வரும். அதனால் அது சரியாக இருக்காது என்று தோன்றுகிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள், அப்படியே அவனிடம் படித்துக் காட்டுகிறேன்.